மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் பட்டறையில் கேட்கும் கேள்விகள்

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் சாலையோரம் எங்கள் பட்டறை. அப்பா காலத்தில் அரிவாள், மண்வெட்டி, ஏர்க்கொழு, இவ்வளவுதான் வேலை. இப்போது வாரத்துக்கு நாலைந்து பேராவது மடக்குக் கத்தியோடு வருகிறார்கள். சிலருக்குச் சாணை பிடிக்க வேண்டும், சிலருக்கு மூட்டு ஆடுகிறது. இன்னும் சிலர் வாங்குவதற்கு முன்பே போனில் படத்தைக் காட்டி, “அண்ணே, இது தாங்குமா?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லி வருவதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு மடக்குக் கத்தி தாங்குமா தாங்காதா என்று பார்க்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அலகும் பிடியும் சேருகிற மூட்டைத்தான். கத்தியைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்து, எவ்வளவு தடிமன் என்றுதான் பார்க்கிறார்கள். அரிவாளுக்கு அந்தப் பார்வை சரி. அரிவாளின் காம்பு பிடிக்குள் இறங்கி நிற்கிறது, வெட்டுகிற வாய் முதல் காம்பு வரை ஒரே இரும்பு. மடக்குக் கத்தி அப்படியில்லை. அது முதலிலேயே இரண்டாக வெட்டப்பட்ட கத்தி, ஒரே ஒரு ஆணிதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. நீங்கள் கொடுக்கிற அழுத்தம் அத்தனையும் அந்த ஆணியிலும், அலகு மடங்காமல் பிடித்திருக்கும் பூட்டிலும் போய் நிற்கிறது. அலகு 5 மி.மீ. இருந்து ஆணி பென்சில் முனை மாதிரி இருந்தால் அந்தத் தடிமனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் கடையிலேயே இதைச் செய்யுங்கள். கத்தியைத் திறந்து பூட்டுங்கள். ஒரு துணியை வைத்து அலகின் முதுகைப் பிடித்து, முதலில் இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் பெரிய தப்பில்லை, மூட்டுத் திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் அந்தக் கத்தி வேண்டாம். பூட்டும் அலகும் சந்திக்கிற முகமோ, அலகு திறந்ததும் போய் முட்டி நிற்கிற தடுப்பு ஆணியோ சரியாக அமையவில்லை என்று அர்த்தம். எந்தத் திருகை இறுக்கியும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிடியின் இரண்டு பக்கமும் உள்ளே எஃகுத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஆணியை அடித்திருந்தால் ஓட்டை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும்.

பூட்டில் எத்தனை வகை? நம் வேலைக்கு எது நல்லது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விரல் போகும் விபத்தெல்லாம் இங்கேதான் நடக்கிறது.

முதல் வகைக்குப் பூட்டே கிடையாது. நம் வீடுகளில் இருந்த பேனாக்கத்தி அப்படிப்பட்டது. முதுகில் ஒரு வில் தகடு அலகை அழுத்திப் பிடித்திருக்கும், முதுகுப் பக்கம் அழுத்தினால் மடங்கிவிடும். விக்டோரினாக்ஸ் சிறிய கத்திகள் பலவும் இந்த வகைதான். தாம்பூலப் பைக்குச் சணல் அறுக்க, பழம் நறுக்க இது போதும். குத்தித் துளைக்கிற வேலைக்கு இது கூடவே கூடாது.

இரண்டாவது முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் ஒரு நெம்பு இருக்கும், அதன் மூக்கு அலகின் அடியில் உள்ள குழிக்குள் விழுந்து உட்காரும். நல்ல பலமான பூட்டு. ஆனால் நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் குழியில் சேறு போய் உட்கார்ந்தால் மூக்கு முழுதாக இறங்காது. ‘டக்’கென்று சத்தம் கேட்கும், பூட்டிவிட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் பாதிதான் இறங்கியிருக்கும். வயல் களிமண் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த வகைக் கத்தி வைத்திருப்பவர்கள் சாயங்காலம் ஒரு ஈர்க்குச்சியால் அந்தக் குழியைச் சுரண்டிவிட வேண்டும்.

மூன்றாவது, கடைகளில் அதிகம் கிடைக்கிற லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் ஒரு தகடே வில் போலப் பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். தகடு 1.5 மி.மீ. அளவுக்கு இருந்தால் நம்பலாம். வெயிலில் பிடித்து, தகடு அலகின் அடியில் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். ஓரத்தில் நூலளவு மட்டும் தொட்டால் நழுவும். எதிர்ப்பக்கத் தகடு வரைக்கும் போய்விட்டிருந்தால் தேய்ந்துபோன கத்தி. அலகின் அடி அகலத்தில் கால் பாகத்திலிருந்து பாதி வரை ஏறி நிற்பதுதான் சரி.

நான்காவது ஃபிரேம் லாக். அதே வேலைதான், ஆனால் தனித் தகடு கிடையாது. பிடியின் ஒரு பக்கச் சட்டமே நகர்ந்து முட்டுக் கொடுக்கும். சட்டம் தடிமனானது. அதோடு நீங்கள் கத்தியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உங்கள் விரல்களே பூட்டை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். கயிறு, ஓஸ், ரப்பர் என்று அழுத்தி அறுக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஐந்தாவது குறுக்கு ஆணிப் பூட்டு. ஒரு எஃகு உருளை அலகுக்கும் தடுப்பு ஆணிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கும். இடது கைக்காரர்களுக்கும் வசதி. இரண்டு மெல்லிய கம்பி வில்கள் அதை இழுத்துப் பிடித்திருக்கும், ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும்.

கடைசியாக வளையப் பூட்டு. பிரான்சின் சவுவா மலைப் பகுதியில் 1890-ல் பிறந்த ஒப்பினெல் கத்தியில் 1955-ல் வந்தது இது. கழுத்தில் ஒரு எஃகு வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு மடங்க வழியே இருக்காது. எளிமையான, அழகான யோசனை. பிடி மரம் என்பதால் ஐப்பசி மழையில் ஊறி அலகைக் கவ்விக்கொள்ளும். காய்ந்தால் திரும்பவும் இளகும்.

பூட்டைச் சோதிக்கக் கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். நல்ல பூட்டும் கெட்டுப்போகும். கத்தியைத் திறந்து, அலகு மடங்கி வரும் வழியில் ஒரு விரல்கூட இல்லாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். மரப்பலகையின் விளிம்பில் முதுகை வைத்து மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கையால் அழுத்துவதற்கே வழுக்கினால் வாங்காதீர்கள். ஐந்தாறு தடவை திறந்து மூடிவிட்டு மறுபடியும் பாருங்கள், சில பூட்டுகள் முதல் தடவை மட்டும் பிடிக்கும்.

அலகு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

முதுகில் 3 முதல் 4 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் கத்தி வெட்டாது, பிளக்கும். பூசணிக்காயில் இறக்கிப் பாருங்கள், பாதியில் ‘படக்’கென்று வெடித்துக் கோணலாகப் போகும். முதுகு தடிமனாக இருக்கலாம், வாய்க்குப் பக்கத்தில் மெலிந்து வர வேண்டும். கத்தியை மூக்குக்கு நேராகப் பிடித்து முனைப் பக்கமிருந்து பார்த்தால் முதுகிலிருந்து வாய் வரை ஒரே சீராகச் சரிந்து வருவது தெரியும். அப்படி வந்தால் நல்ல கத்தி. பாதி வரை தடியாக வந்து கடைசியில் மட்டும் சட்டென்று சீவியிருந்தால் அது பார்ப்பதற்கு மட்டும்தான் முரட்டுக் கத்தி.

நீளம் 8 முதல் 9 செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலான வேலை ஆகிவிடும். அலகு நீளமாக நீளமாக நுனியில் விழும் அழுத்தம் மூட்டில் பெருகி விழும். கிணற்றுத் துலா தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எஃகுப் பெயர் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

முதலில் அடிப்படை. எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் கண்ணாடி மாதிரிக் கெட்டியாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அப்புறம் ஏறக்குறைய 200 டிகிரியில் மறுபடி சூடு காட்டிக் கொஞ்சம் இளக்க வேண்டும். இந்த இரண்டாவது சூடுதான் பதம். எந்த எஃகாக இருந்தாலும் பதம் தவறினால் பெயருக்கு மதிப்பில்லை. கெட்டித்தன்மையை ராக்வெல் அளவில் சொல்வார்கள். வேலைக் கத்திகள் பெரும்பாலும் 56-லிருந்து 60-க்குள் இருக்கும். 56 என்றால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம், வாய் உதிராது. 60 என்றால் கூர் நிற்கும், ஆனால் கல்லில் பட்டால் வாய் சில்லுச் சில்லாக உதிரலாம்.

சீன எஃகான 8சிஆர்13மோவி-க்கு அர்த்தம் பெயரிலேயே இருக்கிறது: கார்பன் ஏறக்குறைய 0.8 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். விலைக்கு நல்ல எஃகு. டி2 என்பது தொழிற்சாலை அச்சுகளுக்காக வந்தது. கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீத அளவில் இருக்கும். கூர் நெடுநாள் நிற்கும், தீட்டுவது சிரமம். குரோமியம் அவ்வளவு இருந்தும் அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்துவிடுவதால் துருப் பிடிக்கும். சுவீடனில் பிறந்த 14சி28என்-ல் குரோமியம் 14 சதவீதம், துருவுக்கு நன்றாகத் தாங்கும், தீட்டவும் சுலபம். வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அரிவாள் அடிக்கிற லாரி ஸ்பிரிங் பட்டையும் கத்திக்கு நல்ல எஃகுதான். வளையும், சட்டென்று உடையாது. துரு மட்டும் பிடிக்கும்.

வாழைக்கறை பட்டால் கத்தி கறுத்துப் போகிறதே, கெட்டுவிட்டதா?

இல்லை. வாழைச்சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. மாங்காய், எலுமிச்சையிலும் கறை ஏறும். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் இலை அறுக்கிறவர்களின் கத்திகளைப் பாருங்கள், கரிய அலகில் வாய் மட்டும் பளபளக்கும். அந்தக் கறுப்பு துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். செம்மண் நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள், அது துரு.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம், உப்புக்காற்று. எந்தக் கத்தி வாங்குவது?

நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கத்துக்காரர்கள் சாதாரண கார்பன் எஃகும் டி2-வும் வாங்க வேண்டாம். உப்பு நல்ல எஃகிலும் ஊசிக்குத்து மாதிரிக் குழி போடும். 14சி28என் மாதிரி ஏதாவது எடுங்கள். வலை அறுக்கிற வேலைக்கு, வசதி இருந்தால், கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எல்சி200என் வகை எஃகு இருக்கிறது. அலகை மட்டும் பார்த்தால் போதாது. மூட்டு ஆணி, திருகு, பூட்டு வில் எல்லாம் எந்த இரும்பு என்று கேளுங்கள். அலகு பளபளவென்று இருக்க, வில் துருவேறி உடைந்த கத்திகள் கடற்கரை ஊர்களிலிருந்து எங்களிடம் வந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், அதற்கு மாற்றே கிடையாது.

பிடி எப்படி இருக்க வேண்டும்?

சேற்றுக் கையோடு பிடித்துப் பார்க்க வேண்டும். கடையில் சேறு கிடைக்காது, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாவது பிடியுங்கள். வழவழப்பான எஃகுப் பிடி அழகாக இருக்கும், நாற்று பறித்த கையில் விரால் மீன் மாதிரி நழுவும். கண்ணாடி இழையையும் பிசினையும் அழுத்திச் செய்கிற ஜி10 பலகை சொரசொரப்பாக இருக்கும், ஊறாது, வீங்காது. துணி அடுக்கில் செய்த மைகார்ட்டா நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு தடுப்பு மேடு அவசியம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தும்போது கை முன்னே சறுக்கி வாயில் போய் நிற்கும்.

நாலு விரலும் பிடிக்குள் அடங்க வேண்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அழுத்தமான வேலைக்கு அந்தக் கத்தி சரிவராது.

ஒரு கையால் திறக்கிற கத்தி அவசியமா?

மாட்டுக் கயிற்றை ஒரு கையில் பிடித்திருப்பவருக்கு அவசியம். அலகில் வட்டத் துளையோ கட்டைவிரல் குமிழோ இருந்தால் போதும். பட்டனைத் தட்டினால் பாய்கிற வகையை வாங்காதீர்கள். சேறு போனால் முதலில் நிற்பது அதுதான்.

என்னென்ன வேலைக்கு மடக்குக் கத்தி, எந்த வேலைக்கு அரிவாள்?

உர மூட்டையின் தையல் பிரிக்க, நெல் சாக்கின் வாய்க்கட்டு அறுக்க, நைலான் கயிறு, தண்ணீர் ஓஸ், தார்ப்பாய், வாழை நார், கொடிக்காலில் அகத்திக் குச்சி சீவ, இதற்கெல்லாம் மடக்குக் கத்தி. அறுவடை மெஷினின் சுழல் தண்டில் வைக்கோலும் கயிறும் சுற்றிக்கொண்டால் அதைக் கீறி எடுக்கவும் இதைவிட நல்ல சாமான் இல்லை. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

இளநீர் சீவ, மட்டை வெட்ட, மூங்கில் பிளக்க, எதையாவது நெம்ப, இதற்கெல்லாம் மடக்குக் கத்தியை எடுக்காதீர்கள். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்போது எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், மாட்டுக்கொட்டகை மேல் விழுந்த தகரத்தைத் தூக்க மடக்குக் கத்தியைச் சந்தில் கொடுத்து நெம்பினான். அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டு ஆணி வளைந்து, பூட்டு விலகி, அலகு மடங்கி அவன் விரலில் இறங்கியது. நாலு தையல். அலகு குறுக்கே வெட்டத்தான், நெம்புகிற வேலைக்கு ஒரு கடப்பாரையோ பழைய ஸ்குரூ டிரைவரோ போதும். அந்தக் கத்தியை நான் இன்னும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்ட.

கத்தியைச் சுத்தியலால் தட்டி விறகு பிளக்கிற படங்கள் போனில் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள். ஒவ்வொரு தட்டும் பூட்டில்தான் விழுகிறது.

வீட்டிலேயே தீட்டிக்கொள்ள முடியுமா?

முடியும், கற்றுக்கொள்வதும் நல்லது. இரண்டு பக்கமும் தலா 20 டிகிரி அளவில் பிடிக்க வேண்டும். கோணம் பிடிக்க ஒரு வழி: கத்தியைக் கல்லின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், அது 90. பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதி சாய்த்தால் 22 சொச்சம். அங்கேயே மணிக்கட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தீட்டித் தீட்டி, மறுபக்கம் விரலால் தடவும்போது மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். வாயின் நீளம் முழுக்கத் தட்டுப்பட்டதும் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் அழுத்தம் குறைத்து மாறி மாறி இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கித் தேய்த்தால் பிசிர் போய்விடும். விரலைக் குறுக்கே தடவிப் பாருங்கள், ஒருபோதும் வாயின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள்.

மெஷின் சாணையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். தண்ணீரில் அடிக்கடி தோய்க்காமல் வைத்திருந்தால் வாய் நீலமாகும். நீலம் என்றால் 300 டிகிரிச் சூடு ஏறிவிட்டது, சாதாரண கார்பன் எஃகில் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

மூட்டுக்கு என்ன எண்ணெய் போடலாம்?

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் போட்டால் நாளாக நாளாகப் பிசினாகி, தூசி சேர்ந்து மூட்டு இறுகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் கத்தி திறக்க மக்கர் பண்ணும். பழம் நறுக்குகிற அலகில் தடவ மட்டும் தேங்காய் எண்ணெய் நல்லது. சேறு புகுந்திருந்தால் முதலில் கழுவிக் காய வைத்துவிட்டு அப்புறம் எண்ணெய். சேற்றின் மேலேயே எண்ணெய் விட்டால் அது அரைக்கிற மாவு மாதிரி ஆகி ஆணியைத் தேய்க்கும்.

கத்தி வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா?

1959-ன் ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் சேராது. நான் சொன்ன 9 செ.மீ. கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் திருவிழாக் கூட்டம், ஊர்வலம், பொதுக்கூட்டம் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள், வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் பட்டறையிலேயே ஒரு மடக்குக் கத்தி செய்து தர முடியுமா?

அலகு செய்து தருவேன், பூட்டு செய்து தர மாட்டேன். பூட்டும் அலகும் சந்திக்கிற இரண்டு முகமும் தலைமுடி அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். உலையும் அரமும் வைத்துக்கொண்டு ஒன்றிரண்டில் அது அமையும், எல்லாவற்றிலும் அமையாது. அமையாத ஒன்று யாருடைய விரலில் போய் நிற்குமோ என்று நினைத்தால் கை ஓடவில்லை. பேனாக்கத்தி மாதிரி வில் மட்டும் வைத்த இலையறுக்கும் கத்தி வேண்டுமானால் செய்து தருகிறேன். வரும்போது நீங்கள் வழக்கமாகப் பிடிக்கிற அரிவாளை எடுத்து வாருங்கள், பிடியை உங்கள் கைக்கு அளவெடுக்க அது போதும்.